15 எழுத்து அண்ணன், 2 எழுத்துத் தங்கை: பாலக்கோட்டில் ஒரே வீட்டில் நடந்த பெயர்ச் சிக்கல்

தர்மபுரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பலகையில்தான், கடை ஓடுவது ஆன்லைன் விண்ணப்பத்தில். வருமானச் சான்று, ஸ்காலர்ஷிப், பான் கார்டு, ஆதார் திருத்தத்துக்கு ஃபார்ம் நிரப்புவது என்று காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அடுத்தவர் பெயரை டைப் அடிப்பதுதான் பிழைப்பு. குழந்தைக்கு நீளமாக முழுப்பெயர் வைப்பதா, சின்னதாகக் கூப்பிடச் சுலபமாக வைப்பதா என்று யாராவது ஆரம்பித்தால், மற்றவர்கள் அர்த்தம், அழகு, ராசி என்று பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு மட்டும் கண் முன்னால் கட்டம் கட்டமாக ஃபார்ம் வந்து நிற்கும்.

இது என் அக்கா வீட்டுக் கதை. அக்காவைக் கட்டிக்கொடுத்தது பாலக்கோடு பக்கம், தக்காளி விவசாயம். எங்கள் சொந்த ஊர் அரூர் பக்கம், தீர்த்தமலைக்குக் கிட்டத்தில். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். பையனுக்கு மூன்று சொல்லில் ஒரு நீளப் பெயர், பெண்ணுக்கு இரண்டே எழுத்து. இரண்டு பெயரும் என்ன பாடுபட்டன, ஏன் பட்டன என்பதைத்தான் எழுதப்போகிறேன். உண்மைப் பெயர்களைப் போடவில்லை. ஆனால் எழுத்துக் கணக்கு மாறாமல், அதே அமைப்பில் வேறு பெயர்களை வைத்திருக்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையே எழுத்துக் கணக்கில்தான் இருக்கிறது. நடந்த தப்புகளில் முதல் தப்பு என்னுடையது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பெயர் வைத்த நாள்

பையன் பிறந்தது 2008 நவம்பரில். மிருகசீரிடம் முதல் பாதம் என்று சொல்லி ஜோசியர் கொடுத்த எழுத்து ‘வே’. அதைக் கேட்டதும் அக்கா வீட்டுக்காரரான மாமாவின் அப்பாவுக்கு, பெரியவர் என்றுதான் நாங்கள் சொல்வோம், சந்தோஷம் தாங்கவில்லை. அவர்கள் குலதெய்வம் வேடியப்பன், அவருடைய அப்பா பெயரும் வேடியப்பன். சாமியே கேட்டு வாங்கிக்கொண்டது என்றார். அதற்குமேல் யார் என்ன பேச முடியும்?

எங்கள் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு ஆசை. அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா பெயர் தீர்த்தகிரி. எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு தீர்த்தகிரி இருப்பார்கள், மலைமேல் இருக்கிற சாமி பெயர். பேரனுக்கு அதை வைக்கவேண்டும் என்று அம்மா வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சரி, அதுவும் இருக்கட்டும் என்றார் பெரியவர். பெருந்தன்மைதான், ஒத்துக்கொள்கிறேன். கடைசியில் அக்கா, பெற்றவளுக்கு ஒரு பெயர் வைக்க உரிமை இல்லையா என்று கேட்டு, அவள் கர்ப்பமாக இருந்தபோதே நோட்டில் எழுதி வைத்திருந்த ஆதவன் என்ற பெயரைச் சொன்னாள். தட்டில் அரிசி பரப்பி மஞ்சள் கிழங்கால் எழுதும்போது தட்டில் இடம் போதாமல் ஆதவன் கீழே இன்னொரு வரிக்கு இறங்கியது. அன்றைக்கே அது ஒரு சகுனம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வேடியப்ப தீர்த்தகிரி ஆதவன். தமிழில் எண்ணினால் 5, 6, 4, மொத்தம் 15 எழுத்து.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வீட்டு ஆயா, பெரியவரின் மனைவி, மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டார். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலரும் அப்படித்தான். அதனால் வேடியப்பன் என்று பேரனைக் கூப்பிட முடியாது. எங்கள் அம்மா புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள், அதனால் தீர்த்தகிரி என்று கூப்பிட முடியாது. ஆக, இரண்டு பாட்டிகளும் சேர்ந்து கூப்பிடக்கூடியதாக மிஞ்சியது அக்கா வைத்த ஆதவன் ஒன்றுதான். மரியாதைக்கு வைத்த பெயர் மரியாதை காரணமாகவே புழங்காமல் போனது. முதல் நாளிலிருந்தே அவன் வீட்டில் ஆதவன், காகிதத்தில் மட்டும் மற்ற இருவரும்.

காகிதத்தில் ஏற்றியது நான். 1969ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி குழந்தை பிறந்ததை 21 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். பெயர் அப்போதே வேண்டும் என்றில்லை, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அப்புறமும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரைக்கும் சேர்க்கலாம். நம் ஊரில் பெயரில்லாத பிறப்புச் சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, பத்தாம் வகுப்பு வரும்போது தேடுகிற வீடுகள் நிறைய. நாங்கள் அப்படி விடவில்லை. 2009இல், ஒன்பதாவது மாதத்தில், காலேஜ் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த நான் மடித்துவிட்ட முழுக்கைச் சட்டையோடு போய் ஃபார்மை நிரப்பிக் கொடுத்தேன். தமிழில் மட்டும், மூன்று சொல்லாக, நடுவில் நல்ல இடைவெளி விட்டு, அழகான கையெழுத்தில். ஆங்கிலத்தில் எப்படி என்று அந்தக் காகிதத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

ஒரு பையன், நான்கு பெயர்

2013இல் பஞ்சாயத்துப் பள்ளியில் ஆதார் முகாம் போட்டார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போனது பெரியவர். அன்றைக்குத் தக்காளி பறிப்பு, மாமாவும் அக்காவும் தோட்டத்தைவிட்டு நகர முடியாது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் பெயர் என்ன என்று கேட்டான். பெரியவர் கம்பீரமாக, வேடியப்பா, தீர்த்தகிரி, அப்புறம் ஆதவன் என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் என்று சொன்னால் அடுத்து வருவது இனிஷியல் என்று அவன் எடுத்துக்கொண்டானோ என்னவோ, வந்த அட்டையில் வேடியப்பா தீர்த்தகிரி ஏ என்று இருந்தது. வீட்டில் எல்லோரும் கூப்பிடுகிற பெயர் அட்டையில் ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருங்கிப்போய்க் கிடந்தது. வேடியப்பாவில் ‘ஒய்’ இல்லை, தீர்த்தகிரியில் இரண்டு ‘ஈ’ போடவேண்டிய இடத்தில் ஒரு ‘ஐ’.

2014இல் பள்ளிக்கூடம். சேர்த்தது அக்கா. அவள் ஆதவன் என்றாள். டீச்சர் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, முன்னால் இருக்கிற இரண்டு சொல்லும் இனிஷியலாக இருக்கும் என்று முடிவுகட்டி ஆதவன் வி.டி. என்று எழுதிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் குடும்பப்பெயர் கிடையாது, பெயருக்கு முன்னால் எது வந்தாலும் அது அப்பாவோ தாத்தாவோ ஊரோதான் என்று நம் கண் பழகியிருக்கிறது. மாமா பெயர் முனிராஜ். வரவேண்டிய இனிஷியல் ‘எம்’. அது எங்குமே இல்லை. உங்க அப்பா பேர் வியா டியா என்று பையனிடம் கேட்டு கூடப்படிக்கிற பிள்ளைகள் கிண்டல் செய்ததை அவன் ரொம்ப நாளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

2017இல் ரேஷன் கார்டு ஸ்மார்ட் கார்டாக மாறியது. அதில் வந்தது வேடியப்பன். அவ்வளவுதான், ஒரே சொல். ஒரு ‘ன்’ கூடுதலாக வந்து சேர்ந்திருந்தது. ரேஷன் கடையில் பெரியவருடைய அப்பா இன்னும் உயிரோடு இருப்பதுபோல ஒரு தோற்றம்.

ஐந்து வருடமாக இந்த நான்கு பெயரும் ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனி உறையில் சமாதானமாக வாழ்ந்தன. கார்டு வேறு, சர்டிபிகேட் வேறு என்று நாங்களும் கண்டுகொள்ளவில்லை. நானே 2010இலிருந்து கடை வைத்து ஊர்க்காரர்களுக்கெல்லாம் பெயர்த்திருத்தம் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், அக்கா வீட்டு உறையைப் பிரித்துப் பார்க்கவில்லை. வைத்தியன் வீட்டு நோய் என்பது இதுதான்.

பணம் வந்து நின்ற இடம்

பையன் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். ஸ்காலர்ஷிப் தேர்வு எழுதித் தேறினான். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வு, தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் வருடம் 12,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. ஒரு கிலோ தக்காளி மூன்று ரூபாய்க்குப் போய் வண்டி வாடகைகூடத் தேறாத வாரங்களைப் பார்த்த வீட்டுக்கு அது சின்னப் பணம் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபின் ஆன்லைனில் பதிய உட்கார்ந்தோம், என் கடையிலேயே, என் கையாலேயே. பள்ளிக்கூடப் பதிவில் ஆதவன் வி.டி., ஆதாரில் வேடியப்பா தீர்த்தகிரி ஏ. ஆதாரோடு பொருந்தவில்லை என்று திரும்பத் திரும்பச் சிவப்பு எழுத்து வந்தது. கம்ப்யூட்டருக்கு இவன் அவன்தான் என்று யார் சொல்லிப் புரியவைப்பது?

இங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். கடைசித் தேதி நெருங்கிவிட்டது. எது சீக்கிரம் ஆகுமோ அதைச் செய்வோம் என்று பள்ளிக்கூடத்தில் சான்று வாங்கி, ஆதாரை ஆதவன் வி டி என்று பள்ளிப் பெயருக்கு மாற்ற மையத்துக்கு அனுப்பினேன். 50 ரூபாய் கட்டணம், வேலை முடிந்தது. ஆதாரில் பெயரை மாற்ற வாழ்நாளில் இரண்டு முறைதான் வாய்ப்பு என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒன்றைச் செலவழித்தேன். இன்னொன்று மிச்சம் இருக்கிறதே என்ற தைரியம்.

அடுத்த வருடமே அதுவும் போனது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது தலைமையாசிரியர் எல்லாப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் கேட்டார். பத்தாவது மார்க் சீட்டில் என்ன பெயர் அச்சாகிறதோ அதுதான் அப்புறம் எல்லாவற்றுக்கும் அடி என்பதால் அவர் கறாராக இருந்தார், சரிதான். பையன் சான்றிதழைப் பார்த்துவிட்டு, இது இனிஷியல் இல்லை, பெயரே இதுதான், அப்பா இனிஷியல் எங்கே என்று கேட்டார். பள்ளிப் பதிவு முழுப்பெயருக்கு மாறியது. உடனே ஆதார் மறுபடியும் தனித்து நின்றது. பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்ததால் ஆங்கிலத்தில் ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்னால் ஒருநாள் ராத்திரி கடையை மூடிவிட்டு நானும் மாமாவும் அக்காவும் பையனும் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக முடிவு செய்தோம். வேடியப்ப, ‘ஒய்’ உண்டு, கடைசியில் ஒரே ‘ஏ’. தீர்த்தகிரி, இரண்டு ‘ஈ’, இரண்டு இடத்தில் ‘டி ஹெச்’. ஆதவன், முன்னால் இரண்டு ‘ஏ’. 2009இல் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. பதினான்கு வருடம் கழித்து, ராத்திரி பதினொரு மணிக்கு, பரோட்டா பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு செய்தோம்.

ஆதாரின் இரண்டாவது வாய்ப்பை அந்த எழுத்துக்கு வைத்து முடித்தோம். ஒன்பதாம் வகுப்புக்கான பணம் பத்தாம் வகுப்பு பாதியில்தான் வந்தது. மொத்தத்தில் மாமாவும் அக்காவும் தர்மபுரிக்கு எட்டு நடை நடந்தார்கள், அதில் மூன்று நடை பறிப்பு நாள்.

பணம் ஏறிய அன்றைக்கு பேங்கிலிருந்து மெசேஜ் வந்தது. அன்புள்ள வேடியப்ப தீர்த்த என்று ஆரம்பித்து அதற்குமேல் பெயர் வெட்டுப்பட்டிருந்தது. பையன் அதைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினான். அவர் ரொம்ப நிதானமாக, “எங்கப்பன் பேரு முழுசா வந்துட்டானில்ல, விடு” என்றார். அவரோடு வாதாட யாராலும் முடியாது.

தங்கையின் இரண்டெழுத்து

இதுவரைக்கும் படித்தவர்கள் நீளப் பெயர்தான் வில்லன் என்று முடிவுக்கு வந்திருப்பீர்கள். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள், அதுவும் இந்த ஸ்காலர்ஷிப் கூத்துக்கெல்லாம் முன்பே. 2014இல் பெண் பிறந்தபோது, பெரியவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே, இந்தத் தடவை இரண்டெழுத்துதான், நான்தான் வைப்பேன் என்றாள். யாழ். ‘யா’, ‘ழ்’, அவ்வளவுதான். இதற்குமேல் தமிழில் சுருக்க முடியுமா? நானும் புத்தி வந்தவனாக ஃபார்மில் தமிழோடு ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன், ஒய், ஏ, இசட், ஹெச் என்று.

ஆதாருக்கு மறுபடியும் கூட்டிக்கொண்டு போனது பெரியவர்தான். எங்கள் பக்கப் பேச்சில் ‘ழ’ அவ்வளவாக நாக்கில் நிற்காது, ‘ள’ ஆகிவிடும். பெரியவர் யாள் என்றார். சான்றிதழ் கையில் இருந்தும் காதில் விழுந்ததைத்தான் அடித்தார்கள், ஒய், ஏ, எல். நான்கெழுத்து ஆங்கிலப் பெயரில் இரண்டெழுத்து தப்பு. விகிதத்தில் பார்த்தால் அண்ணனைவிட மோசம்.

பள்ளிக்கூடத்தில் வேறு கதை. யாழ் என்றதும் டீச்சர், முழுப்பேரைச் சொல்லும்மா, யாழினிதானே என்று கேட்டிருக்கிறார். அக்கா இல்லை, யாழ்தான் என்றாள். அவர் தலையாட்டிவிட்டு யாழினி என்று எழுதிக்கொண்டார். ரொம்பச் சின்னப் பெயரில் இருக்கிற சிக்கல் இதுதான், கேட்கிறவர்களுக்கு அது முழுசாகத் தெரியாது, மிச்சத்தை அவர்களாகவே போட்டு நிரப்பிவிடுவார்கள். நீளப் பெயரை வெட்டுவார்கள், குட்டைப் பெயருக்கு ஒட்டுப்போடுவார்கள். இதில் இன்னொரு கொடுமை, அந்த வகுப்பில் ஏற்கெனவே இரண்டு யாழினிகள். இவள் மூன்றாவது யாழினி ஆனாள். யாழினியே இல்லாத ஒருத்தி.

அண்ணனுக்கு இந்தத் தொல்லை ஒருநாளும் கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலைத் திறந்து வேடியப்ப என்று தேடினால் பள்ளிக்கே ஒரே வரிதான் வந்தது. வாக்காளர் பட்டியலில் மாதம்மாள் என்று தேடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரே தெருவில் நான்கு மாதம்மாள், அதில் இரண்டு பேருக்குப் புருஷன் பெயரும் ஒன்று, கடைசியில் வீட்டு நம்பரை வைத்துத்தான் ஆளைப் பிரிக்கவேண்டியிருக்கும்.

சின்னப் பெயர் என்பது ஏதோ புது நாகரிகம் என்று நினைப்பதும் சரியில்லை. எங்கள் மாவட்டத்தில் மாது, முனி, மாரி, காளி என்று இரண்டெழுத்துப் பெயர்கள் தாத்தா காலத்திலிருந்தே இருக்கின்றன. மாது இங்கே ஆம்பிளைப் பெயர், மாதேஸ்வரனிலிருந்து வந்தது. வெளி மாவட்டத்தில் வேலைக்குப் போன ஒரு மாதுவுக்கு ஃபார்மில் பெண் என்று டிக் அடித்து அனுப்பிவிட்டார்கள், அதைத் திருத்த அவர் என் கடைக்கு வந்தார். ஐம்பத்தெட்டு வயது, முறுக்கிவிட்ட மீசை.

நீளமும் குட்டையும் ஒரே ஆளிடம் இருப்பதும் இங்கே பழக்கம்தான். தகடூரை, அதாவது அந்தக் காலத்துத் தர்மபுரியை, ஆண்ட மன்னனின் முழுப்பெயர் அதியமான் நெடுமான் அஞ்சி. குலப்பெயர், பட்டம், சொந்தப்பெயர் என்று மூன்று அடுக்கு. ஔவையார் பாட்டில் உரிமையோடு அழைக்கும்போது அஞ்சி என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுகிறார். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியை யார் அப்படிக் கூப்பிட்டார்கள்? நாட்டுக்கே அவர் ராஜாஜி, கூட இருந்தவர்களுக்கு சி.ஆர். அந்தக் காலத்தில் அது ஓடியது, ஏனென்றால் பெயரைச் சரிபார்த்தது மனிதர்கள். அஞ்சியும் அதியமானும் ஒரே ஆள் என்று ஔவையாருக்குத் தெரியும். ஓடிபி அனுப்புகிற சர்வருக்குத் தெரியாது.

எங்கே பிசகியது

இரண்டு பிள்ளைகளின் உறையையும் ஒருநாள் மேசைமேல் கொட்டி வரிசையாக வைத்துப் பார்த்தேன். 15 எழுத்துப் பையனுக்கு நான்கு பெயர், 2 எழுத்துப் பெண்ணுக்கு மூன்று பெயர். எழுத்து ஏழு மடங்குக்கு மேல் குறைந்தும் குழப்பம் ஒன்றே ஒன்றுதான் குறைந்திருக்கிறது. அப்படியென்றால் காரணம் நீளத்தில் இல்லை.

பையன் விஷயத்தில் பிசகு இடைவெளியில். வேடியப்ப தீர்த்தகிரி ஆதவன் என்று மூன்று சொல்லாகப் பிரித்து எழுதியதால், பார்க்கிறவர் ஒவ்வொருவரும் எங்கே பெயர் முடிகிறது, எது இனிஷியல் என்று தாமே ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். அதே நீளத்தில் ஒரே சொல்லாக இருந்திருந்தால் வெட்ட இடமே இருந்திருக்காது. தமிழ்ச்செல்வி, வெங்கடாசலபதி மாதிரிப் பெயர்களெல்லாம் ஒற்றைச் சொல்லாக வருவதால் என் கடையில் பிரிந்து வந்து நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு வருவது வேறு வியாதி, ஸ்பெல்லிங். பெண் விஷயத்தில் ஸ்பெல்லிங்கும் உச்சரிப்பும்தான் காரணம். ‘ழ’வுக்கு ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு எழுத்து வைத்திருக்கிறார்கள். அதோடு, இரண்டு பிள்ளைக்கும் பொதுவாக இன்னொரு காரணம்: பெயரைச் சொல்லப் போன ஆள். பிறப்புச் சான்றிதழுக்கு நான், ஆதாருக்குப் பெரியவர், பள்ளிக்கூடத்துக்கு அக்கா. அவரவருக்குப் பிடித்த பகுதியை அவரவர் அழுத்திச் சொன்னோம். பெரியவர் ஆதவனை விழுங்கியதும் அக்கா வேடியப்பனை விழுங்கியதும் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்றும் உண்டு. குட்டைப் பெயர் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் அப்பா பெயர் எவ்வளவு நீளம் என்று பார்ப்பதில்லை. பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான், பெரும்பாலும் அப்பா பெயர்தான் சர்நேம் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்பா பெயர் கிருஷ்ணமூர்த்தியாக இருந்தால் மகளுக்கு மகி என்று வைத்தாலும் கம்ப்யூட்டருக்கு அவள் நீளப் பெயர்க்காரிதான். அப்பா பெயரே வேண்டாம், ஒற்றைப் பெயர் போதும் என்று விட்டால் அதற்கும் ஒரு வினை வந்தது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், சுற்றுலா விசாவில் வருகிறவர்களின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் உள்ளே விடமாட்டோம் என்றது. அப்புறம் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனால் அந்த ஒரு வாரத்தில் சர்நேம் சேர்க்க வேண்டும் என்று என் கடைக்கு வந்தவர்களை உட்கார வைக்க ஸ்டூல் போதவில்லை.

இப்போது பிறக்கிற குழந்தைகளுக்கு விஷயம் இன்னும் கெட்டியாகிவிட்டது. 2023ஆம் வருடத் திருத்தச் சட்டப்படி, அந்த வருடம் அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் சான்று. எங்கே போனாலும் முதலில் நீட்டவேண்டியது அதைத்தான் என்றால், அதில் இருக்கிற பெயரும் கூடவே வரும், மற்ற காகிதம் அதற்கு ஒத்துப்போக வேண்டும். அதனால் இப்போதெல்லாம் பெயர் சேர்க்க ஃபார்ம் நிரப்ப வருகிறவர்களிடம் நான் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துவிடுகிறேன். தமிழில் எழுதுங்கள், பக்கத்தில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், அப்பா பெயரையும் சேர்த்து எழுதுங்கள், மூன்று ஜெராக்ஸ் எடுத்து பீரோவில் ஒன்று, மொபைலில் போட்டோவாக ஒன்று, ஆதாருக்குக் கூட்டிக்கொண்டு போகிற தாத்தா சட்டைப் பையில் ஒன்று. நீளத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கேட்டால் மட்டும், ஒரே சொல்லாக வையுங்கள் என்பேன். நட்சத்திர எழுத்து, நியூமராலஜிக்கு ஒரு ‘ஏ’ கூடுதல் எல்லாம் அவரவர் இஷ்டம், கூடுதல் ‘ஏ’ போட்டால் எல்லா இடத்திலும் போடுங்கள்.

பெண்ணின் காகிதங்களை எல்லாம் போன வருடம் யாழ் என்றே ஆக்கிவிட்டோம், பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலம் ஏற்கெனவே இருந்ததால் இரண்டே நடையில் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் பெயரை அடித்து எழுதும்போது டீச்சர் அப்போதும், இதானா முழுப்பேர் என்று ஒருமுறை கேட்டாராம்.

பாஸ்போர்ட் வரி

பையன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறான். பாஸ்போர்ட் ஒன்று எடுத்து வைக்கலாம் என்றார் மாமா. பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கிற பக்கத்தின் அடியில் அம்புக்குறியாக இரண்டு வரி ஓடும், பார்த்திருப்பீர்கள், மெஷின் படிப்பதற்கானது. ஒரு வரிக்கு 44 இடம். மேல் வரியில் முதல் 5 இடம் ஆவண வகைக்கும் நாட்டின் பெயருக்கும் போய்விடும், ஆள் பெயருக்கு மிஞ்சுவது 39. விண்ணப்பத்தை அனுப்பும் முன்னால் நானும் பையனும் ஒரு கட்டம்போட்ட நோட்டை எடுத்து எழுதிப் பார்த்தோம். முனிராஜ் சர்நேம், ஆங்கிலத்தில் 7. அதற்கடுத்து இரண்டு அம்பு, 9. வேடியப்ப 9, ஒரு அம்பு, தீர்த்தகிரி 12, ஒரு அம்பு, ஆதவன் 8. கூட்டினால் 40.

ஒரே ஒரு எழுத்து கட்டத்துக்கு வெளியே நின்றது. பையன் நோட்டைத் திருப்பி வைத்து மறுபடியும் எண்ணினான். 40தான். கடைசியில் இருக்கிற ‘என்’னுக்கு இடம் இல்லை, அது விழுந்துவிடும். அவன் பென்சிலால் அந்த ‘என்’னை அடித்துவிட்டு மிச்சத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான். ஆதவா.

“என்னா மாமா, ஆயா தோட்டத்துலேர்ந்து கூப்புட்ற மாதிரியே இருக்குது” என்றான். சர்நேமை விட்டுவிடலாமா, வேடியப்பவை ஒட்டி எழுதலாமா என்று நான் கேட்டதற்கு, இருக்கட்டும் மாமா, அப்படியே போடுங்க என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டான்.